ஆங்கிலம் பழக அரைமணி நேரம்



தோட்டப்புறங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் காதில் விழும். "தமிழ் என்றால் அம்மா சொல்லிக் கொடுப்பாள். கணக்கை நான் கொஞ்சம் பார்த்துக் கொள்வேன். மலாய் பேசிப் பேசியே வந்துவிடும். இந்த இங்கிலிஷுக்குத்தான் வழி தெரியவில்லை. எங்களுக்கே தெரியாததை நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்றைய உரை அந்தக் கேள்விக்கு விடை கூறும் ஒரு முயற்சி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. அதைப் பழக்கிக் கொடுப்பது வீட்டின் வேலை. பழக்கிக் கொடுப்பதற்குத் தாயோ தந்தையோ ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, பிள்ளை படிப்பதையும் கேட்பதையும் அருகில் இருந்து கவனித்துக் கொண்டால் போதும்.

அறிவுள்ளவரைப் பற்றிப் பேசும்போது 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். படித்து அறிவது கல்வி. காதால் கேட்டு அறிவது கேள்வி. திருக்குறளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. கல்வி 40ஆவது அதிகாரம். கேள்வி 42ஆவது அதிகாரம். எந்த மொழியைக் கற்பதற்கும் இந்த இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்குவதற்கு முக்கியமான காரணம், அவர்களுக்குக் கல்விக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. கேள்விக் கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு காலத்தில் இந்த நாட்டுப் பட்டணங்களில் ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. அங்கே கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தன. மாணவனுக்குக் காலை முதல் பகல் வரை காதில் ஆங்கிலம் விழுந்து கொண்டே இருந்தது. 1970ஆம் ஆண்டில் அப்பள்ளிகளின் முதல் வகுப்பு மலாய் மொழிக்கு மாறியது. பின்னர் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மாறி, தீபகற்ப மலேசியாவில் 1982ஆம் ஆண்டில் மாற்றம் நிறைவேறியது. தேசிய மொழி அதற்குரிய இடத்தைப் பெற்றது. ஆங்கிலம் ஒரு பாடமாக ஆயிற்று. ஒரு பாடமாக இருக்கும் மொழி வாரத்துக்குச் சில மணி நேரம்தான் காதில் விழும். பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மீதியை வீட்டில் கேட்டுக் கொள்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்திலும் ஆங்கிலம் இல்லை, கடையிலும் இல்லை, கோயிலிலும் இல்லை. ஆகவே நாமாக ஏற்பாடு செய்தால்தான் அதற்கு ஆங்கிலம் காதில் விழும்.

இதனால் நேரும் நட்டம் சிறியதன்று. தமிழ்ப்பள்ளியில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் ஆங்கிலப் பாட நேரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை ஆசிரியர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். விடை தெரியாமல் அல்ல. சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற அச்சத்தால். இரண்டு ஆண்டுகள் வாய் மூடியிருந்தால் மூன்றாம் ஆண்டில் அந்தப் பாடமே வெறுத்துவிடுகிறது. எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வோ, 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்களாக நடத்தப்படுகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல விரும்புவோருக்காக 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மியூவெட் தேர்விலும் இந்த நான்கு திறன்களும் சோதிக்கப்படுகின்றன. இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் போட்டு முடித்தவன் இவற்றில் திணறிப் போவான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதி வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. முன்பெல்லாம் அந்தத் தேர்வுகளின் முடிவைப் பார்த்துத்தான் பல பெற்றோர் விழித்துக் கொண்டார்கள். 'பரீட்சை வரட்டும், பார்த்துக் கொள்வோம்' என்று இனியும் இருந்தால், விழித்துக் கொள்ளும்போது பிள்ளைக்குப் பதினேழு வயது ஆகியிருக்கக் கூடும்.

சரி, ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது ஏன்? அது தெரிந்தால்தான் நாம் சொல்லப் போகும் முறையின் பயன் விளங்கும்.

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். அவற்றைக் கற்றுக் கொண்ட பிள்ளை, முன்பின் பார்த்திராத சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். மலாய் மொழியிலும் அப்படியே. 1972ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்ட மலாய் எழுத்து முறையில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26 மட்டுமே. ஆனால் அவற்றைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறு விதமாக ஒலிக்கிறது.

மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்துகளில் எழுதப்படுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக் கொள்ளுங்கள். மலாயில் அதைச் 'சாட்' என்று படிக்க வேண்டும், பொருள் சாயம். ஆங்கிலத்தில் 'கேட்' என்று படிக்க வேண்டும், பொருள் பூனை. ஏ, ஐ, ஆர் என்பது மலாயில் 'ஆயேர்', அதாவது தண்ணீர். ஆங்கிலத்தில் அதுவே 'ஏர்', அதாவது காற்று. எம், ஏ, ஐ, என் என்பது மலாயில் 'மாயின்', விளையாடுவது. ஆங்கிலத்தில் 'மெய்ன்', முக்கியமானது. காதால் ஒருமுறைகூடக் கேட்டிராத பிள்ளை இவற்றை எப்படிப் படிக்கும்? மலாய் ஒலியில்தான் படிக்கும். அது பிள்ளையின் மந்தம் அன்று. தனக்குத் தெரிந்த ஒழுங்கை அது பின்பற்றுகிறது.

சில பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் ஒலியை எழுதி வைத்துக் கொள்வார்கள். இது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பெரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றுதான் வரும். இரண்டுக்கும் முதல் ஒலியிலேயே வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டைக் காது ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும். தமிழில் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வருவதில்லை. அதனால் நாம் 'பஸ்ஸு', 'புக்கு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்துச் சொல்கிறோம். நம் பேச்சுக்கு அது இயல்பு. ஆங்கிலத்தில் அந்த உகரம் கூடாது என்பதையும் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளை உணர வேண்டும்.

நமக்குச் சாதகமான செய்தியும் உண்டு. 'ஷிப்' என்றால் கப்பல். 'ஷீப்' என்றால் செம்மறியாடு. இந்தக் குறில் நெடில் வேறுபாடு வேறு சில மொழிக்காரர்களுக்குப் பெரிய தொல்லை. 'படம்', 'பாடம்' என்று சின்ன வயதிலேயே பழகிய தமிழ்ப் பிள்ளை இதை எளிதில் பிடித்துக் கொள்ளும். தமிழ் நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்பது வெறும் பயம்.

இதுவரை சொன்னதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. ஆங்கிலத்தில் கண் மட்டும் படித்தால் ஒலி பிழையாகும். காது மட்டும் கேட்டால் எழுத்து மனத்தில் நிற்காது. கண்ணும் காதும் ஒரே பாடத்தில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கான அரைமணி நேரத்தை இப்படிப் பிரித்துக் கொள்ளலாம்: கால் மணி நேரம் படிப்பது, பத்து நிமிடம் கேட்பது, ஐந்து நிமிடம் படித்ததையும் கேட்டதையும் தமிழில் சொல்வது.

அரைமணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். தீபாவளி, பொங்கல், திருவிழா, காய்ச்சல், விருந்து என்று ஆண்டில் 65 நாட்களைத் தள்ளிவிடுவோம். மீதி 300 நாள். நாளுக்கு அரைமணி என்றால் ஆண்டுக்கு 150 மணி நேரம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவி, முறை தவறாமல் வெட்டினால் மரம் ஆண்டுக் கணக்கில் பால் தரும். ஒரே நாளில் எல்லாப் பாலையும் எடுத்துவிடலாம் என்று ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும். பட்டையும் சரியாக வளராது. தேர்வுக்கு முந்திய மாதம் பிள்ளையை இரவு பகலாக உட்கார வைப்பது அந்த ஆழமான வெட்டைப் போன்றது.

முதலில் படிப்பதைப் பார்ப்போம்.

எந்தப் புத்தகம் பொருத்தமானது? பெற்றோர் பலர் பிள்ளையின் வகுப்பைவிடக் கடினமான புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிறார்கள். கடினமாக இருந்தால் அறிவு வளரும் என்பது அவர்கள் எண்ணம். அது தவறு. பழக்கத்துக்காகப் படிக்கும் புத்தகம் எளிதாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தெரியாதவர்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு விரல் மடங்கினால் பொருத்தமான புத்தகம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுப் புத்தகம்தான் பொருந்துகிறது என்றால், அதிலிருந்தே தொடங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எளிய புத்தகம் ஏன் பயன் தருகிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் மரே என்பவர், ஆங்கிலத்தில் எந்தச் சொற்கள் மிகுதியாக வருகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர். வெறும் 12 சொற்களே நாம் படிக்கும் ஆங்கிலத்தில் கால் பங்காக வருகின்றன என்று அவர் கண்டார். எ, அண்ட், ஹி, ஐ, இன், இஸ், இட், ஆஃப், தட், தி, டு, வாஸ் என்பவையே அந்தப் பன்னிரண்டு. 100 சொற்களைத் தெரிந்து கொண்டால் பாதி வந்துவிடுகிறது. இதை அடிப்படையாகக் கொண்டுதான் 1964ஆம் ஆண்டு முதல் லேடிபேர்ட் நிறுவனம் 36 சிறு நூல்களை வெளியிட்டது. நம் நாட்டில் பலரும் 'பீட்டர் அண்ட் ஜேன்' புத்தகங்கள் என்று அறிந்திருப்பவை அவைதாம். ஒரே சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்பக் காட்டுவது அவற்றின் முறை. ஒரு சொல்லைப் பல முறை, பல இடங்களில் சந்தித்தால்தான் அது பிள்ளைக்குச் சொந்தமாகும். எளிய புத்தகங்கள் செய்யும் வேலை அதுவே.

புத்தகத்துக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். முதலில் பள்ளியில் கொடுத்த ஆங்கிலப் பாடநூலைப் பயன்படுத்துங்கள். அடுத்து, பள்ளி நூலகம். ஆசிரியரிடம் கேட்டால் வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொடுப்பார். பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில், பிள்ளையையும் பொது நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினராக்குங்கள். அண்டை வீட்டு அண்ணன், அக்காள் படித்து முடித்த கதைப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, படித்ததும் திருப்பிக் கொடுங்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கு இரண்டு புத்தகம் வாங்கினால் எட்டுப் புத்தகம் லயத்தைச் சுற்றி வரும்.

ஒரு பகுதியை மூன்று நாட்கள் படிக்க வையுங்கள். முதல் நாள், பிள்ளை மெதுவாகத் தனக்குத் தானே படித்துப் பொருளைப் பிடிக்கட்டும். இரண்டாம் நாள், ஒலிப்பதிவு இருந்தால் அதைக் கேட்டுக் கொண்டே விரலால் வரியைத் தொட்டுப் படிக்கட்டும். சில பாடநூல்களுக்கு ஒலிப்பதிவு உண்டு. ஆசிரியரைக் கேட்டால் கிடைக்கும். ஒலிப்பதிவு இல்லையென்றால் மூத்த பிள்ளை ஒன்று படித்துக் காட்டலாம். அல்லது, கைப்பேசியில் பதிவு செய்து தரும்படி ஆசிரியரையே வேண்டிக் கொள்ளலாம். மூன்றாம் நாள், உங்கள் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிக்கட்டும். முதல் நாள் தட்டுத் தடுமாறிய வரி மூன்றாம் நாள் தடையின்றி வருவதை மொழி தெரியாதவரும் கண்டுகொள்ளலாம். பிள்ளையும் அதை உணரும். தன்னால் முடியும் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்கச் சொல்ல வேண்டாம். கதை அறுந்து போகும். ஆசையும் அறுந்து போகும். கதைக்கு மிகவும் வேண்டிய சொல்லை மட்டும் பார்த்தால் போதும். வாரத்துக்கு ஐந்து புதிய சொற்களை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். நாய் என்ற சொல்லுக்கு வீட்டு நாயைப் பற்றியும், மழை என்ற சொல்லுக்கு மழையால் மரம் வெட்டாமல் அப்பா வீடு திரும்பிய நாளைப் பற்றியும் எழுதினால் அந்தச் சொல் மறக்காது.

இனி, கேட்பதைப் பார்ப்போம்.

வானொலியைத் திறந்து வைத்துவிட்டால் ஆங்கிலம் தானாகக் காதில் ஏறிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒன்றும் புரியாமல் ஒரு மணி நேரம் கேட்பதைவிட, முக்கால் பங்கு புரியும்படி ஐந்து நிமிடம் கேட்பது மேலானது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்கக் குரல் வானொலி, உலகத்தில் ஆங்கிலம் பயில்வோருக்கென்றே ஒரு சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 1500 சொற்களை மட்டும் கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தி வாசித்தார்கள். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. நம் வீட்டிலும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குப் பாட்டும் குட்டிக் கதையும் போதும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் அவர்களுக்குச் சலிக்காது. அந்தச் சலிக்காத வயதைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி, செய்தி கேட்பது. அதற்கு நீங்களே துணையாக இருக்க முடியும். முதலில் மின்னல் எஃப்.எம். வானொலியில் தமிழ்ச் செய்தியைக் குடும்பத்தோடு கேளுங்கள். என்ன செய்திகள் என்று பேசிக் கொள்ளுங்கள். எங்கே வெள்ளம் வந்தது, எந்த அமைச்சர் என்ன அறிவித்தார், எந்த விளையாட்டில் யார் வென்றார் என்பதெல்லாம் பிள்ளையின் மனத்தில் நிற்கும். அதன் பிறகு அதே நாளில் டிராக்ஸ் எஃப்.எம். வானொலியில் ஆங்கிலச் செய்தியைக் கேட்கட்டும். விஷயம் முன்பே தெரிந்திருப்பதாலும், ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் மாறாமல் வருவதாலும், காது அந்தப் பெயர்களைப் பிடித்துக் கொண்டு மற்றச் சொற்களை ஊகிக்கத் தொடங்கும். முதல் வாரம் மூன்று செய்திகளை அடையாளம் கண்டாலே நல்ல தொடக்கம்.

இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. 1943ஆம் ஆண்டு முதல் வானொலி வழி ஆங்கிலம் கற்பித்து வரும் பி.பி.சி. நிறுவனம், 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' என்ற ஆறு நிமிட உரையாடல்களை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. பேசுவது முழுவதும் எழுத்தாகவும் இருக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும். இரண்டாம் முறை எழுத்தைப் பார்த்துக் கொண்டு கேட்க வேண்டும். மூன்றாம் முறை மீண்டும் பார்க்காமல் கேட்க வேண்டும். முதல் முறை வெறும் இரைச்சலாக இருந்தது மூன்றாம் முறை சொற்களாகப் பிரிந்து கேட்கும்.

தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் அறிந்த 'சொல்வதெழுதுதல்' இங்கே மிகவும் உதவும். ஒலிப்பதிவில் ஒரு வாக்கியத்தைக் கேட்டு நிறுத்தி, வாயால் திருப்பிச் சொல்லி, பிறகு எழுதி, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நடந்து முடிந்த செயலைக் காட்ட ஆங்கிலச் சொல்லின் இறுதியில் இ, டி என்ற இரண்டு எழுத்துகள் சேரும். அவை 'வாக்ட்' என்பதில் ஒரு விதமாகவும், 'ப்ளேய்ட்' என்பதில் வேறு விதமாகவும், 'வான்டெட்' என்பதில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கும். கேட்டு எழுதும்போது பிள்ளைகள் இதை விட்டுவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்த்துத் தாமே கண்டுபிடித்த பிழையைப் பிறகு செய்ய மாட்டார்கள். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும்.

தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பற்றி ஒரு சொல். ஆங்கிலப் படம் பார்த்தால் ஆங்கிலம் வரும் என்பது பாதி உண்மை. திரையின் கீழே மலாயிலோ தமிழிலோ எழுத்து ஓடினால், கண் அதைப் படித்துக் கொண்டிருக்கும். காது ஓய்வெடுத்துக் கொள்ளும். ஆங்கிலத்திலேயே எழுத்து வரும்படி வைத்தால் கண்ணும் காதும் ஒன்றாக வேலை செய்யும். கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அப்பால் போய்விட்டால் பத்து நிமிடத்தில் விளையாட்டு வந்துவிடும். கேட்க வேண்டியதை முன்பே எடுத்து வைத்து, கைப்பேசியை மேசை மேல் வைத்து எல்லாரும் கேட்கும்படி ஒலிக்கச் செய்யுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. பிள்ளை படித்ததையும் கேட்டதையும் தமிழில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள்? எங்கே நடந்தது? என்ன ஆயிற்று? ஏன் அப்படிச் செய்தான்? அதற்கப்புறம்? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. கதை கேட்கும் ஆவல் இருந்தால் போதும். பொருள் புரியாமல் வாயால் மட்டும் படித்திருந்தால் இங்கே வெளிப்பட்டுவிடும். "கதை எனக்கு விளங்கவில்லையே ஐயா, மறுபடி பார்த்துச் சொல்லு" என்று சொல்லுங்கள். பிள்ளை தானாகவே புத்தகத்தைப் புரட்டும்.

ஆங்கிலம் வளர வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. அந்தத் தியாகம் வேண்டாம். ஒரு மொழியில் படித்துப் பொருள் கொள்ளப் பழகிய பிள்ளைக்கு, அந்தத் திறமை இரண்டாம் மொழியிலும் கைகொடுக்கிறது என்று கனடா நாட்டு ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டில் விளக்கினார். தமிழில் கதையின் தலையும் வாலும் தெரிந்து சொல்லத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்திலும் தலையையும் வாலையும் தேடும். தமிழை அரைகுறையாக்கிவிட்டு அரைகுறை ஆங்கிலம் பேச வைத்தால் இரண்டும் கெடும்.

பெற்றோர் செய்யக்கூடாதவை மூன்று உண்டு. முதலாவது, தடுமாறும்போது சிரிப்பது. வீட்டில் சிரிப்புக்கு ஆளான பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. அண்ணன் தம்பிகளையும் சிரிக்க விடாதீர்கள். இரண்டாவது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டுமானால் சென்ற மாதத்துப் பிள்ளையோடு இந்த மாதத்துப் பிள்ளையை ஒப்பிடுங்கள். மாதத் தொடக்கத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, மாத முடிவில் அதே பக்கத்தை மீண்டும் பதிவு செய்து இரண்டையும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, ஒரு நாள் கோபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் மறந்துவிடுவது.

இந்த அரைமணி நேரத்தை நாளின் எந்தப் பொழுதில் வைப்பது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், நண்பகல் கழித்து வருகிறவர்களுக்கு மாலை ஐந்தரை மணி ஏற்றதாக இருக்கலாம். செம்பனைக் காட்டில் பொழுது சாயும் வரை நிற்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம் பொருந்தும். எந்த நேரமானாலும் அதே நேரமாக இருக்கட்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அரைமணி முடிந்த நாளுக்குப் பிள்ளையே ஒரு கோடு போடட்டும். அம்மாவுக்கு அடுப்பு வேலை இருந்தால் அடுப்படிக்கே புத்தகத்தோடு வரட்டும். வெங்காயம் நறுக்கிக் கொண்டே கதை கேட்கலாம். தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. அவர்களைப் போலப் பொறுமையாகக் கேட்பவர்கள் யாரும் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்தது இளையதற்குப் படித்துக் காட்டட்டும். மூன்றாம் படிவத்துப் பெண், இரண்டாம் ஆண்டுத் தம்பிக்கு எளிய கதையைப் படித்துக் காட்டும்போது இருவருக்கும் பயன். சனிக்கிழமை மாலையில் லயத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கோயில் மண்டபத்தில் கூடி, ஆளுக்கு ஒரு பக்கம் உரக்கப் படித்தால் கூச்சம் தெளியும். கூட இருந்து பார்த்துக் கொள்ள ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

மாதத்துக்கு ஒருமுறை ஆங்கில ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "என் பிள்ளை எந்த அளவுப் புத்தகம் படிக்கலாம்? வகுப்பில் வாய் திறக்கிறானா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கேள்விகளோடு வரும் பெற்றோரைக் கண்டால் ஆசிரியருக்கும் உற்சாகம் பிறக்கும். டியூஷனுக்கு அனுப்ப வசதி இருந்தால் அனுப்பலாம். ஆனால் மாதக் கட்டணம் கட்டிவிட்டதாலேயே வீட்டு அரைமணி நேரம் வேண்டாம் என்று ஆகிவிடாது. அங்கே கற்றதும் வீட்டில் பழகினால்தான் நிற்கும்.

முதல் மாதத்தில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சொற்கள் முதலில் காதிலும் கண்ணிலும் சேர்ந்து கொண்டிருக்கும். பிறகுதான் வாய்க்கு வரும். குழந்தை தமிழ் பேசியதும் அப்படித்தானே? ஏறத்தாழ ஓராண்டு காலம் நம் பேச்சைக் கேட்டுக் கொண்டே இருந்துவிட்டுத்தான் 'அம்மா' என்றது. அப்போது நாம் பொறுமையாக இருந்தோம். ஆங்கிலத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆங்கிலம் என்பது துரைக்கும் கிராணிக்கும் உரியது. கடிதம் வந்தால் அதைக் கிராணியிடம் எடுத்துப் போய்ப் பொருள் கேட்டு நின்றவர்கள் நம் பெரியவர்கள். இன்று அந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடிய பிள்ளை உங்கள் வீட்டிலேயே வளர்ந்து கொண்டிருக்கிறது. இன்று மாலையே ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, "படி, நான் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.